கருப்புத் திரைக்குள் இருந்த கேலக்ஸி

2005-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த எம்51 கேலக்ஸியின் ஃபிட்ஸ் கோப்பை (வானியல் படத் தரவுக்கான கோப்பு வகை) இறக்கி, அத்தகைய படங்களைப் பார்க்கும் மென்பொருளான டிஎஸ்9-இல் திறந்தேன். திரை முழுக்கக் கருப்பு. அங்கங்கே இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். கோப்பு பாழ் போல என்று மறுபடி இறக்கினேன். அதே இருட்டு.

சும்மா மவுஸைப் படத்தின் மேல் நகர்த்தியபோதுதான் மேலே ‘வேல்யூ’ கட்டத்தில் எண்கள் மாறுவதைக் கவனித்தேன். அப்படியென்றால் தரவு இருக்கிறது, காட்டும் விதத்தில்தான் சிக்கல்.

டிஎஸ்9 முதலில் மின்மேக்ஸ் அளவில்தான் காட்டும்: ஆகக் குறைந்த மதிப்பு கருப்பு, ஆக உயர்ந்தது வெள்ளை. பளீரென்ற ஒரே ஒரு நட்சத்திரம் போதும், மங்கலானதெல்லாம் கருப்பில் அமுங்கிவிடும். ஸ்கேல் மெனுவில், மங்கலான பகுதிகளும் தெரியும்படி எல்லைகளை அமைக்கும் இஸட்ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தேன். சுருள் கைகள் அப்படியே எழுந்து வந்தன! வலது பொத்தானை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் கான்ட்ராஸ்ட் மாறும். மீதியை அதில் சரிசெய்தேன்.

டிஎஸ்9 திரையில் பொத்தான்கள் இரண்டு வரிசை. மேல் வரிசையில் எதை அழுத்துகிறோமோ அதற்கேற்பக் கீழ் வரிசை மாறும். இது புரிய எனக்கு அரைநாள் (சிரிக்காதீர்கள்).

அப்புறம், இன்னொரு கோப்பைத் திறந்தால் முதல் படம் போய்விடும். அதற்கு முன்பே மேல் வரிசையில் ‘ஃப்ரேம்’, கீழ் வரிசையில் ‘நியூ’ அழுத்திவிடுங்கள்.