படைத்தவரை முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஞாயிறு பள்ளி நடக்கும் அறைகளில் உலகப் படைப்பைக் காட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆறு கட்டங்கள்: ஒளி, வானம், செடிகொடி, சூரிய சந்திரர், மீனும் பறவையும், கடைசியில் மிருகங்களோடு ஆதாமும் ஏவாளும். ஏழாவது கட்டம் பெரும்பாலும் இருக்காது. வரைவதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

வேதாகமம் கடவுளைப் படைப்பாளராகக் காட்டும் விதத்தை வாசிக்கையில் நாம் செய்யும் முதல் தவறு அந்த விடுபட்ட கட்டம். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் படைப்பு வரலாறு முதல் அதிகாரத்தோடு முடிவதில்லை. இரண்டாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் வரை ஓடுகிறது. அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. போட்டவர் மூன்று வசனம் முந்திக்கொண்டு வெட்டிவிட்டார். கடவுள் ஓய்ந்திருப்பதும் முதன்முறையாக ஒன்றைப் பரிசுத்தமாக்குவதும் அந்த மூன்று வசனங்களில்தான். மலையைவிட, பலிபீடத்தைவிட முந்தி ஒரு நாள் பரிசுத்தமாகிறது. யாத்திராகமம் 20 இதையே காரணமாகக் காட்டி, உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மிருகத்துக்கும் அந்நியனுக்கும் ஓய்வு கொடு என்கிறது. உபாகமம் 5 அதே கட்டளைக்கு வேறு காரணம் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்.

பாபிலோனியரின் படைப்புப் பாடலைப் பக்கத்தில் வைத்தால் இதன் எடை தெரியும். அதில் மர்துக் என்ற தேவன் தியாமத் என்ற கடல் அரக்கியைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக விரிக்கிறான். கொல்லப்பட்ட இன்னொரு தேவனின் இரத்தத்திலிருந்து மனிதர்கள் உருவாக்கப்படுகிறார்கள். எதற்கு? தேவர்களின் வேலைப்பளுவைச் சுமக்க. ஆதியாகமத்தில் மனிதன், ஆணும் பெண்ணுமாக, கடவுளின் சாயல். அவனுக்கு விடியும் முதல் முழு நாளே ஓய்வு நாள். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஏழாவது கட்டத்தைப் போட்டுவிட்டு வெறுமையாக விட்டாலே பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது, இரண்டு வரலாறுகளைக் கரைத்து ஒன்றாக்குவது. 2:4இல் வேறொரு வரலாறு தொடங்குகிறது. முதலாவதில் செடிகள், விலங்குகள், பிறகு ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டாவதில் மழையில்லாத வெறும் நிலம். முதலில் மனிதன், பிறகு மரங்கள், பிறகு பெயர் சூட்ட வரும் விலங்குகள், கடைசியில் விலாவிலிருந்து பெண். வரிசை ஒத்துப்போகவில்லை என்றதும் ஒட்டுப்போட ஆரம்பித்துவிடுகிறோம். தொகுத்தவர்களுக்கு அது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? தெரிந்தே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் படத்தில் கடவுள் சொல்கிறார், ஆகிறது. அதோடு நின்றுவிட்டால், மேட்டு பங்களாவில் உட்கார்ந்து கிராணி என்ற கணக்கர் வழியாக உத்தரவு அனுப்பும் தோட்டத் துரையைப் போல அவர் மனத்தில் பதிந்துவிடுவார். இரண்டாவது படத்தில் அவர் மண்ணைப் பிசைகிறார், நாசியில் ஊதுகிறார், மரம் நடுகிறார். மனிதன் தனிமையாக இருப்பது நல்லதல்ல என்று கவனித்து, விலங்குகளை ஒவ்வொன்றாக அவனிடம் கொண்டுவருகிறார். எதுவும் அவனுக்கு ஏற்ற துணையாக இல்லை. இரண்டு படமும் வேண்டும்.

ஏதேன் தோட்டத்தை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் செம்பனையை வரிசை வரிசையாக நட்டுவிட்டு, நடுவில் ஒரு மரத்தில் ஆப்பிள் தொங்கவிடுகிறார்கள். பார்வைக்கு அழகும் உணவுக்கு நலமுமான சகலவித மரங்கள் என்பதுதான் 2:9. ஒரே பயிரை மைல் கணக்கில் நடுவது மனிதன் வைத்த வழக்கம். பழத்துக்கோ நூலில் பெயரே கிடையாது. செம்பனையாவது பிள்ளைகள் கண்ணால் பார்த்தது; ஆப்பிள் மேல்நாட்டுச் சித்திரங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

படைப்பின் நாட்களைக் கடிகாரத்தால் அளக்கும் தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படிவம் ஐந்தில் உயிரியல் படிக்கும் பெண் எழுந்து, “ஆறு நாளா, பல கோடி வருடமா, ஐயா?” என்று கேட்டால் நம்மிடம் இரண்டே பதில்கள். ஒன்று, பாடப்புத்தகத்தை நம்பாதே. மற்றது, ஒரு நாள் என்றால் ஒரு யுகம் என்று பொருள். ஆயிரம் வருடம் கர்த்தருக்கு ஒரு நாள் போல என்று பேதுரு எழுதியிருக்கிறாரே. பேதுரு அந்த இடத்தில் பேசுவது கடவுளின் பொறுமையைப் பற்றி. படைப்பின் கணக்கு அங்கே வரவில்லை. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அதற்கு முந்திய மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். விஞ்ஞானத்துக்குப் பயந்து அவர் கேட்கவில்லை. நூலைக் கவனமாக வாசித்ததால் கேட்டார். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்பதும் வேதாகம வசனமல்ல. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு அது. பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனத்துக்குச் சமமாக மரியாதை பெற்றுவிட்டது. நான்காம் நாளில் கவனிக்க வேண்டியது வேறு. பாபிலோனில் சூரியனும் சந்திரனும் கும்பிடப்பட்ட தேவர்கள். இங்கே அவை பெரிய சுடர், சிறிய சுடர். விளக்கு மாட்டுவதுபோல மாட்டப்படுகின்றன, அவ்வளவுதான்.

“ஆண்டுகொள்ளுங்கள்” என்ற 1:28ஐ எடுத்துக்கொண்டு, காட்டை அழிக்கவும் ஆற்றைக் கெடுக்கவும் கடவுளே உரிமம் கொடுத்தது போலப் பேசுவது இன்னொரு தவறு. அடுத்த இரண்டு வசனங்களையும் வாசிக்க வேண்டும். மனிதனுக்குத் தரப்படும் உணவு விதையும் கனியும், விலங்குக்குப் பச்சிலை. கொல்லும் அனுமதி வெள்ளத்துக்குப் பிறகுதான், அதுவும் நிபந்தனையோடு. 2:15இல் மனிதனுக்குத் தரப்படும் வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். நிலம் யாருடையது என்பதிலும் நூலுக்குத் தயக்கமில்லை. பூமி கர்த்தருடையது, ஏனென்றால் அவரே அதை அஸ்திபாரப்படுத்தினார் என்கிறது சங்கீதம் 24. லேவியராகமம் 25 ஒரு படி மேலே போகிறது: நிலத்தை நிரந்தரமாக விற்கக்கூடாது, நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் குடியிருக்கும் பரதேசிகள். மலேசிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்ற அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட் ஊர்க்காரர். ஆகவே நிலம் கைமாறினால் குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவோடு லேவியராகமத்தை வாசிப்பவர்கள் மட்டும் குறைவு.

திருக்குறளின் ஆதி பகவனும் ஆதியாகமத்தின் ஆதியும் ஒன்றென்று மேடையில் முழங்குவதையும் விட்டுவிடலாம். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்பே வள்ளுவருக்குக் கிறிஸ்தவத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஊகித்தவர்தான். ஊகம் ஆதாரமாகாது. கைதட்டல் கிடைக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் சைவ உறவினருக்கு நம்மேல் இருந்த மதிப்புத்தான் குறையும். வள்ளுவர் சொன்னதை வள்ளுவருக்கே விட்டுவைப்போம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, படைப்பாளரை ஆதியாகமத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவது. ஒரு காலத்தில் உலகத்தை உண்டாக்கினார், கதை முடிந்தது என்பதாக. வேதாகமத்தில் படைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப எழுகிறது. பெரும்பாலும் சிக்கலில் மாட்டியவர்களின் நடுவில்.

லிவியாதான் என்ற கடல் பூதத்தையே பாருங்கள். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு அதன் பெயர் மாறும், ஆள் ஒன்றுதான். சங்கீதம் 74இல் கடவுள் அதன் தலைகளை நசுக்குகிறார். ஆலயம் இடிந்து கிடக்கையில், அன்று அதை நசுக்கினீரே, இன்று ஏன் கை கட்டியிருக்கிறீர் என்று கேட்பவரின் பாட்டு அது. சங்கீதம் 104இல் அதே பூதம் கடலில் விளையாடுவதற்காகப் படைக்கப்பட்ட பிராணி. யோபு 41இல் கடவுள் அதன் செதிலையும் பல்லையும் ஒவ்வொன்றாக வர்ணித்துப் பெருமைப்படுகிறார். எதிரி, விளையாட்டுப் பிள்ளை, பெருமைக்குரிய படைப்பு: எது சரி என்று கேட்பவர் மூன்றையும் இழப்பார்.

சங்கீதம் 104இல் படைப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஊற்றுகள் ஓடுகின்றன, புல் முளைக்கிறது. இருட்டியதும் சிங்கக் குட்டிகள் இரைக்காகக் கர்ஜிக்கின்றன. சூரியன் உதித்ததும் அவை குகைக்குத் திரும்ப, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். இரவு அவற்றுக்கு, பகல் நமக்கு. இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் சொல்லும் புலிக் கதைகளைக் கேட்டவர்களுக்கு இந்தப் பங்கீடு புரியும். நாம் போனது அவற்றின் நேரத்தில்.

யோபுவின் 38ஆம் அதிகாரத்தைத் துக்க வீட்டில் வாயடைக்கப் பயன்படுத்துகிறோம்: “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகையில் நீ எங்கேயிருந்தாய் என்று கடவுளே கேட்டுவிட்டாரே, நீ ஏன் அழுகிறாய்?” துன்பத்தில் விழுந்த யோபுவிடம் அவன் நண்பர்கள் பேசிய பேச்சின் வாரிசு இது. முடிவில் கடவுள் கண்டிப்பது அவர்களைத்தான்; தம்மைக் குறித்து நிதானமாகப் பேசியவன் யோபு என்கிறார். 38ஆம் அதிகாரத்தில் தொடங்கும் கடவுளின் உரையில் மனிதருக்கு உபயோகமான எதுவும் அதிகம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆளில்லாத வனாந்தரத்தில் மழை பெய்விக்கிறார். முட்டையை மண்ணில் விட்டுப்போகும் தீக்கோழி, யாருக்கும் அடங்காத காட்டுக்கழுதை. நமக்காக மட்டும் உலகம் படைக்கப்பட்டது என்ற நினைப்பு அங்கே உடைகிறது.

ஏசாயா 40 வேறு மாதிரி. கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்து, ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எங்கள் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று என்று புலம்புகிறார்கள். தீர்க்கதரிசி அவர்களை நிமிர்ந்து நட்சத்திரங்களைப் பார்க்கச் சொல்கிறார்: அவற்றைப் படைத்தவர் ஒவ்வொன்றையும் பேர்சொல்லி அழைக்கிறார், ஒன்றும் குறைவதில்லை. தோட்டத்து லயன் வீடுகளைக் காலிசெய்துவிட்டுத் தாமான் என்ற குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய குடும்பங்களின் ஜெபக்கூட்டத்தில் இதை வாசித்துப் பாருங்கள், யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் படைத்தார் என்ற போதனையையும் ஆதியாகமம் அத்தனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அங்கே இருளும் ஆழமான தண்ணீரும் முதலிலேயே இருக்கின்றன. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள இரண்டாம் மக்கபேயர் 7இல் அது தெளிவாக வருகிறது. சொல்பவர் ஒரு தாய். ஏழு பிள்ளைகளில் ஆறு பேர் கண்ணெதிரே கொல்லப்பட்டபின், மிஞ்சிய கடைசிப் பிள்ளையிடம் சொல்கிறார்.

புதிய ஏற்பாடு இதே இழையைப் பிடித்துக்கொள்கிறது: யோவானின் முதல் வசனங்கள், எல்லாம் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்னும் கொலோசெயர் 1, புதிய வானமும் புதிய பூமியும் காணும் வெளிப்படுத்தல் 21.

வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள் ஆதியாகமத்தில் தொடங்காமல் இருந்து பார்க்கலாம். முதல் வாரம் ஏசாயா 40, அடுத்த வாரம் சங்கீதம் 104. அதற்குப் பிறகு ஆதியாகமத்தின் இரண்டு வரலாறுகள், தனித்தனி வாரங்களில். யோபுவுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கடவுளின் உரை மட்டுமே 38 முதல் 41 வரை நான்கு அதிகாரங்கள், ஒரு மணி நேரத்தில் அடங்காது.