முதல் கேமரா வாங்குபவர் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேனானா, நிக்கானா, சோனியா என்ற கேள்வியோடுதான் முதல் கேமரா வாங்குபவர்களில் பெரும்பாலோர் கடைக்குள் நுழைகிறார்கள். ஒரே விலைப் பிரிவில் இந்த நிறுவனங்கள் விற்கும் பாடிகளுக்கு (லென்ஸ் நீங்கலான கேமராக்களுக்கு) இடையே படத்தின் தரத்தில் இன்று பெரிய வேறுபாடு கிடையாது. நிக்கான், ஃபூஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றின் உள்ளே இருப்பதே சோனியின் குறைகடத்திப் பிரிவு தயாரிக்கும் சென்சார்தான், அதாவது ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லுதான். வேறுபாடு இருப்பது மவுண்ட்டில், அதாவது பாடியின் முன்பக்கத்தில் லென்ஸ் பொருந்தும் வளையத்தில். பாடியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவோம். லென்ஸ்களோ அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ஒரு மவுண்ட்டின் லென்ஸ் இன்னொரு மவுண்ட்டில் நேரடியாகப் பொருந்துவதும் இல்லை. எனவே நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு லென்ஸ் வரிசையை. கீழே உள்ள படிகள் அந்த அடிப்படையில் அமைந்தவை.

படி 1: எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

“எல்லாவற்றையும்” என்பது இங்கே விடையாகாது. அடுத்த ஓராண்டில் அதிகம் எடுக்கப்போகும் இரண்டு வகைப் படங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு விசேஷங்களும் குழந்தைகளும் என்றால், குறைந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும் எஃப்/1.4, எஃப்/1.8, எஃப்/2.8 போன்ற பெரிய அப்பர்சர் லென்ஸ் தேவைப்படும் (அப்பர்சர் என்பது ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய அது பெரிதாகும்). பறவைகள் என்றால் 400 மி.மீ. குவியத்தூரம் அளவுக்காவது எட்டும் லென்ஸ் வேண்டும் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்). காணொளி என்றால் மைக் செருகும் துளையும், பக்கவாட்டில் திரும்பும் திரையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்வது மட்டுமே நோக்கம் என்றால், கையிலிருக்கும் செல்பேசியே போதும் என்பது என் கருத்து.

படி 2: சென்சார் அளவை முடிவு செய்யுங்கள்

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., கேனானில் சற்றுச் சிறியது. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008இல் தொடங்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் அளவு 17.3 × 13 மி.மீ. சென்சார் சிறியதாக ஆக, அதே லென்ஸ் காட்சியை நெருக்கமாகக் காட்டும்: 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் 75 மி.மீ. போலவும் (கேனானில் 80), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மி.மீ. போலவும் நடந்துகொள்ளும். தொலைவில் இருப்பதை எடுப்பவருக்கு இது லாபம். சிறிய அறைக்குள் எடுப்பவருக்கு இடைஞ்சல்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஏபிஎஸ்-சி. ஃபுல் ஃபிரேம் பாடி சில நேரம் தள்ளுபடியில் கைக்கெட்டும் விலைக்கு வந்தாலும், அதற்கான நல்ல லென்ஸ்களின் விலையும் எடையும் பின்னால் வந்து சேரும்.

படி 3: உங்கள் தேவைக்கான லென்ஸை ஒவ்வொரு மவுண்ட்டிலும் தேடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். தாளில் எழுதிய தேவைக்கு ஏற்ற ஒரு லென்ஸை ஒவ்வொரு மவுண்ட்டிலும் கண்டுபிடித்து, அதன் இன்றைய விலையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

சோனியின் இ மவுண்ட் 2010இல் வந்தது. சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ், சம்யாங் போன்ற வெளி நிறுவனங்கள் அதற்கு ஏராளமான லென்ஸ்களைச் செய்வதால், மலிவு விலையிலும் செகண்ட் ஹேண்டிலும் தெரிவுகள் அதிகம். சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8, டாம்ரானின் 17-70 மி.மீ. எஃப்/2.8 ஆகிய இரண்டுமே விசேஷ வீடுகளுக்குப் போதுமானவை. இவை இரண்டும் 2012இல் தொடங்கிய ஃபூஜிஃபில்ம் எக்ஸ் மவுண்ட்டிலும் கிடைக்கின்றன. ஃபூஜிஃபில்ம் இந்த மவுண்ட்டை ஏபிஎஸ்-சிக்காகவே உருவாக்கியது என்பதால், அதன் சொந்த லென்ஸ்களும் அந்த அளவுக்கென்றே செய்யப்பட்டவை.

கேனானின் ஆர்எஃப், நிக்கானின் இசட் ஆகிய இரண்டு மவுண்ட்களும் 2018இல் வந்தவை. ஆர்எஃப் மவுண்ட்டுக்கு வெளி நிறுவனங்கள் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்வதைக் கேனான் சில ஆண்டுகள் தடுத்தே வைத்திருந்தது. 2024இல்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அறிவித்தன. அதற்கு முன் எழுதப்பட்ட அறிவுரைகளில் “கேனானில் மலிவான லென்ஸ் இல்லை” என்று படித்திருந்தால், அதை இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பறவைகளை விரும்புபவருக்குக் கணக்கு வேறு விதமாக வரும். கேனானின் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸின் எடை 635 கிராம்தான். கேனானின் ஆர்50 போன்ற சிறிய ஏபிஎஸ்-சி பாடியில் மாட்டினால் 640 மி.மீ. போல எட்டும். அதன் அப்பர்சர் எஃப்/5.6-8 என்பதால் விடியற்காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் தடுமாறும் என்றாலும், தொடங்குபவர் முதுகிலும் பணப்பையிலும் சுமக்கக்கூடியது அதுவே. சோனியின் 200-600, நிக்கானின் 180-600 ஆகியவை சிறந்த லென்ஸ்கள்; ஆனால் ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு அருகில் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. எடைதான் முதல் கவலை என்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸ் 75-300 மி.மீ. லென்ஸைப் பாருங்கள். அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் 600 மி.மீ. அளவுக்கான நெருக்கத்தை அது தருகிறது. ஒலிம்பஸின் கேமராத் தொழில் 2021இல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறியது, மவுண்ட் மாறவில்லை.

நிறங்களைப் பற்றி நடக்கும் வாதங்களை நீங்கள் ரா கோப்பில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்துக் கணினியில் திருத்துபவராக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருத்த நேரமில்லாமல் கேமரா தரும் ஜேபெக் படத்தையே பயன்படுத்துபவர் என்றால், புரோவியா, வெல்வியா என்று பழைய ஃபிலிம்களின் பெயரில் ஃபூஜிஃபில்ம் தரும் நிற அமைப்புகள் உண்மையான ஒரு சாதகம்.

படி 4: பணத்தைப் பிரியுங்கள்

கையில் 80,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60,000 ரூபாய்க்கு மேல் பாடிக்கும் அதோடு சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸுக்கும் போகக் கூடாது. மீதியில் படி 1இல் எழுதிய தேவைக்கான இரண்டாவது லென்ஸ், கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, பை ஆகியவை அடங்க வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் அதைச் சுத்தம் செய்யும் செலவு டப்பாவின் விலையைப் போலப் பல மடங்கு.

தொகை இதைவிடக் குறைவு என்றால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா, இன்றும் நல்ல வழி. கேனான், நிக்கான் இரண்டுமே புதிய முயற்சிகளை அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டதால், கேனானின் பழைய இஎஃப், நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன.

படி 5: கையில் பிடித்துப் பாருங்கள்

லென்ஸோடு சேர்த்துப் பிடியுங்கள். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறதா, ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அமைப்பை) மாற்ற எத்தனை பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்ற காணொளிக்கான பாடிகளில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே கிடையாது. கடையின் குழல்விளக்கில் இது குறையாகத் தெரியாது; உச்சி வெயிலில் திரையைப் பார்க்க முயலும்போது தெரியும்.

படி 6: பழையதை வாங்கும்போது இவற்றைச் சரிபாருங்கள்

முதலில் மவுண்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கேனானின் இஎஃப்-எம், நிக்கான் 1, சாம்சங் என்எக்ஸ் ஆகியவை நிறுத்தப்பட்ட வரிசைகள். அவற்றின் விலை ஆசை காட்டும், ஆனால் மேலே செல்ல வழியில்லை. டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸைக் கேனானின் அடாப்டர் மூலம் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸுடன் பயன்படுத்தலாம். இஎஃப்-எம் லென்ஸுக்கு அந்த வசதி இல்லை. காரணம், இஎஃப்-எம் லென்ஸ் சென்சாரிலிருந்து 18 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டியது, ஆர்எஃப் மவுண்ட்டோ 20 மி.மீ. தொலைவில் அமைந்திருக்கிறது.

நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாக வாங்கி அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமானால் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்ற குறி லென்ஸில் இருக்க வேண்டும். ஜப்பானில் விற்பதற்காகச் செய்யப்பட்ட சோனி பாடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும் என்பதால், மெனுவைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்தின் உள்விவரங்களிலேயே அந்த எண் பதிவாகியிருக்கும். லென்ஸைக் கழற்றி, அப்பர்சரை முழுவதும் திறந்து, கைவிளக்கு ஒளியை ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சி மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பூஞ்சை சிலந்திவலை போன்ற இழைகளாகத் தெரியும்.

புதியதை வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமராவுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதை அந்த நிறுவனத்தின் சேவை மையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கினால், பில்லில் எழுதிய சீரியல் எண்ணும் பாடியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, வாரண்டி அட்டையில் தேதியோடு முத்திரை வாங்கிய பிறகே கிளம்புங்கள்.