மாணவரை வகை பிரிக்காமல் ஒரு மின்சுற்றுப் பாடம்

உங்கள் மாணவர் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, படித்துக் கற்பவரா, செய்து கற்பவரா? இப்படி வகை பிரிக்க நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய 'வார்க்' (VARK) கேள்வித்தாள் கல்லூரிகளில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நிரப்பிப் பாருங்கள், தவறில்லை. அதை வைத்து வகுப்பைப் பிரிக்காதீர்கள். மாணவரின் வகைக்கேற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, அதுவரை வந்த ஆய்வுகளை அலசிய உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008இல் எழுதினார்கள்.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மின்னியல் டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இங்கே நான் பார்க்கும் வேறுபாடுகளே வேறு. ஒருவர் தமிழ்ப்பள்ளி, அடுத்தவர் சீனப்பள்ளி, பாடமோ ஆங்கிலத்தில். சிலர் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, பாலத்து நெரிசலைத் தாண்டி நேரே வகுப்புக்கு வருகிறார்கள். ஒருவருக்குச் சிவப்பும் பழுப்பும் பிரித்தறிய வராது. மின்தடையின் அளவைச் சொல்லும் வண்ணப் பட்டைகள் அவருக்குப் புதிர். தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடங்கள் இவைதான்.

தொடர்ச்சுற்று (மின்னோட்டத்துக்கு ஒரே பாதை), இணைச்சுற்று (கிளை பிரியும் பாதைகள்) பாடத்தை எடுத்துக்கொள்வோம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் மின்சுற்று மாதிரி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, உலாவியிலேயே ஓடும். 9 வோல்ட் மின்கலத்தோடு இரண்டு 10 ஓம் மின்தடைகளைத் தொடராக இணையுங்கள். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைக்கும் முன் ஒவ்வொருவரும் தம் விடையைத் தாளில் எழுதட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாமல் பார்ப்பவருக்கு எல்லாமே 'தெரிந்ததுதானே' என்றிருக்கும். மீட்டர் 0.45 ஆம்பியர் காட்டும். அதே இரண்டையும் இணையாக மாற்றினால்? மின்தடை இரண்டாயிற்றே, ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும் என்று பலர் எழுதுவார்கள். மொத்த ஓட்டம் 1.8 என்று வந்ததும் எழுகிற சத்தத்தை அடக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அவரவர் மொழியில் காரணம் சொல்லிப் பார்க்கட்டும். யாராவது குறுஞ்சுற்று போட்டுத் திரையிலுள்ள மின்கலத்தில் தீ பற்றவும் வைப்பார். வைக்கட்டும், ஆய்வுக்கூடத்தில் அதற்கு இடமில்லை. மதிப்புகளைக் காட்டும் பெட்டியைத் தட்டினால் ஓம் அளவு எண்ணாகவே தெரியும். வண்ணம் பிரிக்க வராத மாணவர் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும்.

அன்றே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல்பதிவு அனுப்புங்கள். மூன்று நிமிடம் தாண்டக் கூடாது, ஒரு பதிவுக்கு ஒரு கருத்துதான். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று நான் பேசுகிறேன். மண்டரின் பதிவை மாணவர் ஒருவரே பேசித் தருகிறார், என்னைவிடத் தெளிவாக. கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விடுங்கள், தேர்வுத்தாளில் அவைதான் வரும். பதிவின் கீழே 'வாரம் 4, இணைச்சுற்று' என்று எழுதினால் பிறகு தேடி எடுக்கலாம்.

காணொலிக்குக் கைப்பேசியைத் தாளுக்கு மேலே நிறுத்தி, வரைந்துகொண்டே பேசினால் போதும். யூடியூப் தானாகப் போடும் வசன வரிகளில் கலைச்சொற்கள் அடிக்கடி சிதையும், திருத்திவிடுங்கள். காது மந்தமானவருக்கும் பேருந்தில் வருபவருக்கும் அந்த வரிகள்தான் துணை.

ஒரு வாரம் கழித்து கூகுள் படிவத்தில் ஐந்து கேள்வி, எல்லாருக்கும் ஒன்றே. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரின் 2006 ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவிருந்தது. படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும், தவறாக விடையளிப்பவர் பார்க்கும்படி, உரிய குரல்பதிவின் இணைப்பைச் சேர்க்கலாம். குரல்பதிவை முதலில் கூகுள் டிரைவில் ஏற்றிவையுங்கள். விடைகளின் வரைபடத்தில் இணைச்சுற்றுக்கும் 0.45தான் என்று நிறைய பேர் தட்டியிருந்தால் புதிய காணொலி எடுக்க உட்காராதீர்கள். அடுத்த வகுப்பில் ஃபெட்டைத் திறந்து, மூன்றாவது மின்தடையை இணையாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று மறுபடி தாளில் எழுதச் சொல்லுங்கள்.