கரண்ட் வைத்து முடிந்த பிறகு: மார்பகக் கதிர்வீச்சின் பக்கவிளைவுகளைக் கையாளும் முறை

குழித்துறையில் காலை ரயிலேறி, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கடந்து திருவனந்தபுரம் சென்று, கதிர்வீச்சு ஏற்றுக்கொண்டு, பிற்பகலுக்குள் வீடு திரும்புவதை மூன்று வாரங்கள் செய்தேன். பதினைந்தாவது சிட்டிங் முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதற்கு ஒன்பதாம் நாள் அக்குளில் தோல் உரிந்து, நைட்டியின் துணி அதில் ஒட்டிக்கொண்டது. சிகிச்சையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அஞ்சினோம். ஆனால் கடைசி நாளில் என் கையில் கொடுத்தனுப்பிய தாளில், முடிந்த பின்னும் ஒன்றிரண்டு வாரம் தோல் மேலும் மோசமாகலாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் தடையின்றிப் பேச வரும், வாசிக்க வராது. கோப்பில் மடித்து வைத்தது வைத்தபடியே இருந்தது.

ஆகவே எல்லை கடந்து சிகிச்சைக்குச் செல்லும் பெண்கள் முதலில் செய்ய வேண்டியது, கொடுக்கப்படும் ஒவ்வொரு தாளையும் அங்கேயே ஒருவரை வாசிக்கச் சொல்லி, ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வது. மருத்துவமனையின் நாள்கணக்கும் பக்கவிளைவுகளின் நாள்கணக்கும் ஒன்றல்ல. தோல் வாரக்கணக்கில் ஆறும். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். நுரையீரலின் எரிச்சல் ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குப் பின்னர் தலைகாட்டலாம். கைவீக்கம் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஹார்மோன் மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள். எது எப்போது வரும் என்று அறிந்து வைத்திருந்தால் பாதி அச்சம் விலகும்.

எங்கள் பகுதியில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அந்தச் சொல்லே உடம்பில் கரண்ட் தங்கிவிடும் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. வெளியிலிருந்து இயந்திரத்தால் செலுத்தப்படும் கதிர், இயந்திரம் நின்ற கணமே நின்றுவிடும். பேரக்குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணியின் அருகில் அமரலாம், ஒரே பாயில் படுக்கலாம். தனித் தட்டும் தனி அறையும் ஒதுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். களைப்போடு அந்த ஒதுக்கலையும் ஒருத்தி சுமக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை சிட்டிங்? முன்பு ஐந்து வாரங்களில் 25 முறையாக 50 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கொடுப்பதே வழக்கம். இப்போது பலருக்கு மூன்று வாரங்களில் 15 முறையாக 40 கிரே போதுமானதாக இருக்கிறது. தகுதியுள்ள சிலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையில் முடிக்கிறார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக 'பூஸ்ட்' உண்டா? காறை எலும்பின் மேல்பகுதியும் அக்குளும் சேர்கின்றனவா? இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலைப் பொறுத்தே தொண்டைவலி, கைவீக்கம், தோள் இறுக்கம் ஆகியவற்றின் வாய்ப்பு மாறும். இடது மார்பு என்றால், மூச்சை ஆழ இழுத்து அடக்கி இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கும் முறை அங்கே உண்டா என்றும் கேட்கலாம். உண்டென்றால் வீட்டில் இருபது வினாடி மூச்சடக்கிப் பழகிக்கொள்வது நல்லது.

தோல்

நம் நிறத்தில் தோல் சிவப்பதைவிடக் கறுப்பதுதான் முதலில் தெரியும். இணையப் படங்களில் உள்ள இளஞ்சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் தொடக்கத்தைத் தவறவிடுவோம். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கருமை, அரிப்பு, வெப்பம், வறட்சி எனத் தொடங்கி, முடிந்த பின் ஒன்றிரண்டு வாரத்தில் உச்சம் தொட்டு, அதன்பின் மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். உராய்வும் ஈரமும் சேரும் இடங்களான மார்பின் அடி மடிப்பும் அக்குளும்தான் அதிகம் பாதிக்கப்படும்.

குளிப்பதை நிறுத்த வேண்டாம். சாதாரணத் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ, மணமில்லாத மென்மையான சோப்பைக் கையால் மட்டும் தடவிக் கழுவுங்கள். பீர்க்கங்கூடும் கடலைமாவும் வேண்டாம். துடைக்கும் முறையில்தான் பலரும் பிழை செய்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துவர்த்தின் (துண்டின்) நூல் முரடாக இருக்கும். பலமுறை துவைத்து நைந்த பழைய துவர்த்தே இதற்கு ஏற்றது. அதைத் தோலின்மேல் விரித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, தூக்கி எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இழுக்கவே கூடாது. பிறகு மார்பை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடி மடிப்பில் இரண்டு நிமிடம் மின்விசிறிக் காற்றுப் படவிட வேண்டும். புழுக்கம் மிகுந்த எங்கள் ஊரில் இந்த இரண்டு நிமிடம் எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. கதிர் பட வேண்டிய இடத்தைக் குறிக்க மேனியில் போட்ட மைக்கோடு அழிந்துவிட்டால் நாமே பேனாவால் திருத்தி வரையக் கூடாது. மறுநாள் சொன்னால் அவர்களே போட்டுவிடுவார்கள்.

மணமற்ற மாய்ஸ்சரைசரை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவலாம். இயந்திரத்தின் அடியில் படுக்கப் போகும் முன் கனமாகப் பூசிச் செல்ல வேண்டாம். அரிப்பும் எரிவும் மிகுந்தால் ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார்கள்; அதை நாமே கடையில் வாங்கக் கூடாது. தேங்காயெண்ணெய் வேண்டாம் என்று எங்கள் ஊரில் வாதாடி வென்றவர் எவரும் இல்லை என்பதால், இப்படிச் சொல்கிறேன்: உரியாத தோலில் மெல்லியதாகத் தடவ மருத்துவர் சம்மதித்தால் தடவுங்கள், உரிந்த இடத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். பச்சை மஞ்சள், சந்தனம், பச்சிலைச் சாறு, வலித்தைலம் எதுவும் கூடாது. என் அயல்வீட்டு மாமி அன்போடு அரைத்துக் கொடுத்த மஞ்சளை நான் பூசினேன். காய்ந்தபோது அது தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ஐஸ் கட்டியும் சுடுநீர்ப் பையும்கூட அந்த இடத்துக்கு ஆகாது.

கம்பி வைத்த பிராவை எடுத்து வைத்துவிட்டு, தளர்ந்த பருத்தி உடுப்பு அணியுங்கள். தோல் உரிந்து நீர் கசிந்தால் அதற்கென்று ஒட்டாத கட்டுத்துணி உண்டு. நர்ஸிடம் கேட்டு வாங்கி, கட்டும் முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். புண் முழுவதும் ஆறும் வரை ஆற்றுக் குளியலும் குளத்துக் குளியலும் வேண்டாம். ஆறிய பின்னரும் ஓராண்டுக்காவது அந்த இடத்தில் நேர்வெயில் படாமல் மூடிக்கொள்வது நல்லது. சீழ், துர்நாற்றம், பரவும் வீக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

சொல்லும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தென்காசிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் என் அருகில் காத்திருந்தாள். 'பனி உண்டோ?' என்று நர்ஸ் கேட்டதும், 'பனியெல்லாம் இல்லம்மா, மழைதான்' என்றாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். குமரிக்காரியான எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிய வழியில்லை. உண்மையில் அவளுக்கு அன்று உடம்பு கொதித்தது. களைப்புக்கு க்ஷீணம், அரிப்புக்குச் சொறிச்சில், வீக்கத்துக்கு நீர், வலிக்கு வேதன என்ற சொற்களை நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் இப்படி நேராது.

களைப்பும் தொண்டையும்

கதிர்வீச்சின் களைப்பு, உறங்கி எழுந்தால் தீரும் களைப்பு அல்ல. கடைசி வாரத்தில் கூடி, பிறகு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீடிக்கும். படுத்தே கிடந்தால் அது வளரும். நாள்தோறும் இருபது நிமிட நடை அதைக் குறைக்கும் என்பது பலமுறை உறுதியான உண்மை. மிக மோசமாக இருந்தால் ரத்தசோகையைப் பார்க்கச் சொல்லுங்கள்; காறை எலும்புப் பகுதியிலும் கதிர் பட்டவர்கள் பிற்பாடு தைராய்டையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கே விழுங்கும்போது தொண்டை வலிக்கும். அந்த நாள்களில் பயறு சேர்த்துக் குழைந்த கஞ்சியும் நன்றாக வெந்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் கை கொடுக்கும். மிளகும் புளியும் தூக்கிய மீன்குழம்பு இரண்டு மூன்று வாரம் காத்திருக்கட்டும். மார்பில் திடீரென்று சுருக்கென்று குத்தும் வலி மாதக்கணக்கில் வந்துபோவது இயல்பு, நாளடைவில் அரிதாகும்.

கை

அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துத் தோள் இறுகாமல் இருக்கச் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி போதும். சுவரை நோக்கி நின்று, விரல்களைச் சிலந்திபோல் மெல்ல மேலே நடத்தி, எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கதவு நிலையில் குழந்தைகளின் உயரக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே என் கோடுகளும் இருக்கின்றன.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்து, அங்கே கதிரும் பட்டிருந்தால் கையில் நிணநீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு கூடும். வளையல் இறுகுவது, மோதிரம் கழலாதது, கை கனப்பதாகத் தோன்றுவது ஆகியவையே முதல் அடையாளங்கள். அழுத்துறை (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) அணிவது, முறையாகப் பயின்றவர் செய்யும் மென்மையான நிணநீர்த் தடவல், படிப்படியான உடற்பயிற்சி ஆகியவற்றால் தொடக்கத்திலேயே அதைக் கட்டுக்குள் வைக்கலாம். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்ற பழைய அறிவுரை இன்று இல்லை. பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

எங்கள் பகுதிப் பெண்களுக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விளவங்கோடு வட்டாரத்தில் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் பெண்கள் ஏராளம். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும் என்பது அவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும். அந்தப் புண் வழியாகக் கிருமி புகுந்தால் ஒரே இரவில் கை சிவந்து வீங்கிவிடும். கையுறை இல்லாமல் தோடு உடைக்கும் வேலைக்கு அந்தக் கையைக் கொடுக்காதீர்கள். ரப்பர் பால் வெட்டுபவர்களும், மீன் நறுக்குபவர்களும் அப்படியே. கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும், இயன்றவரை மறு கையை நீட்டுங்கள்.

வீங்கிய கையோடு வர்ம ஆசானிடம் செல்வதும் எங்கள் வழக்கம். மூட்டுப் பிசகுக்கு அவர்களிடம் சென்று குணமானவள் நான். ஆனாலும் இந்தக் கையைத் தைலமிட்டு அழுத்தி உழிய விடக் கூடாது. வன்மையான அழுத்தம் வீக்கத்தைக் கூட்டும். கொசுவால் வரும் யானைக்கால் நோயும் இதுவும் வேறு வேறு என்பதால் அதற்கான மாத்திரையும் இதற்குப் பயன்படாது.

இருமல்

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் எந்த இருமலையும் மழைமேல் போட்டுவிடுவது எளிது. கதிர்வீச்சு முடிந்த ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் தொடர்ந்தால், அது கதிரால் நுரையீரலில் வந்த அழற்சியாக இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டினாலும், 'இந்தத் தேதியில் மார்பில் கதிர்வீச்சு முடிந்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது சளியாகவோ காசநோயாகவோ கருதப்பட்டு மருந்து தவறிப்போகும்.

மாத்திரை

ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி (ஹார்மோன் ஏற்பி உள்ளது) என்றால், மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம், நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் அல்லது அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம் கொடுக்கப்படும். என் பார்வையில், எல்லாப் பக்கவிளைவுகளிலும் ஆபத்தானது இந்த மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான். லெட்ரோசோலால் காலையில் விரல் மடங்காது, படியிறங்கினால் முழங்கால் பிடிக்கும். சிக்குன்குனியா மறுபடி வந்துவிட்டதோ என்று தோன்றும். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவது, வலிக்கு மருந்து தருவது எனப் பல வழிகள் உண்டு. நடையும் தசைப்பயிற்சியும் வலியை உண்மையாகவே குறைக்கின்றன. எலும்பு மெலியும் என்பதால் அதன் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் கால்சியமும் வைட்டமின் டியும் பற்றிக் கேளுங்கள்.

டமாக்ஸிஃபெனால் உடம்பு திடீரென்று அனலாகும். மாற்றுடை, கைவிசிறி, மாலைக்குப் பின் சாயா தவிர்ப்பது ஆகியவை சிலருக்கு உதவும். தாங்க முடியாவிட்டால் வென்லஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கு வேறொரு மருத்துவரிடம் சென்றால் டமாக்ஸிஃபென் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் பரோக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் போன்றவை அதன் வேலையைக் கெடுக்கும். அதை உண்ணும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. மாதவிடாய் நின்றவருக்கு மீண்டும் ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றிப் பேசப் பெண்கள் கூச்சப்படுகிறோம். நீர் சார்ந்த ஜெல் கடையிலேயே கிடைக்கும், ஈஸ்ட்ரோஜன் களிம்பு மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் எழுதிய மாத்திரை மார்த்தாண்டத்தில் வேறு கம்பெனிப் பெயரில் இருக்கலாம். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றாக இருந்தால் போதும்.

மறுபரிசோதனை

முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. கதிர்வீச்சு முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் மேமோகிராம், அதன்பின் ஆண்டுதோறும். அறிகுறி எதுவும் இல்லாதபோது பெட் ஸ்கேனுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. டிராஸ்டுஸுமாப் ஊசி (HER2 வகைக் கட்டிக்குப் போடுவது) இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால், அதைப் போடுபவர்கள் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பக்க மார்பு, எத்தனை சிட்டிங், எத்தனை கிரே, முடிந்த தேதி, எடுத்த கணுக்களின் எண்ணிக்கை, இப்போது உண்ணும் மாத்திரை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். மலையாளப் பகுதியை எழுதித் தந்தது களியக்காவிளை மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். நான் கொண்டுபோன அந்த மடித்த தாளையும் அவளே முழுவதும் வாசித்துக் காட்டினாள்.