ப்ராசஸர் மாற்றியபின் திரை இருண்டே கிடந்தால்

போன ஆடிச் சாரலில், செங்கோட்டையில் உள்ள என் வீட்டுக் கணினியில் ரைசன் 3 2200ஜி ப்ராசஸரை எடுத்துவிட்டு ரைசன் 5 5600 போட்டேன். மதர்போர்டு பழைய பி450 வகை; அதை மாற்றவில்லை. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்தது. இரண்டு நாள் அலைந்துதான் அதைச் சரிசெய்தேன். நான் செய்த வரிசையை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன். கூலரைக் கழற்றுவதும் பேஸ்ட் தடவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விசிறி சுழல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மதர்போர்டின் ஓரத்தில் சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள்; கோளாறை அங்கே தேடுங்கள். அவை இல்லாத போர்டில் ஒரு சின்ன பஸ்ஸரை மாட்டி, பீப் ஒலியை எண்ணி, கையேட்டோடு ஒப்பிடலாம். மலிவான பொருள்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு அருகே போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் மின்இணைப்பைப் பாருங்கள். கூலரை எடுக்கும்போது கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பிடுங்கியிருந்தால், திரும்பச் செருக மறந்துவிடும். அது இல்லாவிட்டாலும் விசிறிகள் சுழலும். பிறகு ராமை ஒன்றே ஒன்றாக, கையேடு சொல்லும் துளையில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பின்கள். இந்த இரண்டு ப்ராசஸரும் ஏஎம்4 என்ற சாக்கெட் வகை; ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள் உள்ளன. பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு அப்படி வந்து, புதியதைக் கையாளும் பதற்றத்தில் ஓர் ஓரத்துப் பின்னையும் வளைத்தேன். லெட்டை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மெல்ல நிமிர்த்தினேன். ஊசியை விட இதுவே மேல். ஊசி பக்கத்துப் பின்னையும் சாய்த்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் என் போர்டில் சிபியூ விளக்கு அணையவில்லை. காரணம் பயாஸ், அதாவது பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். ரைசன் 5 5600 வெளிவந்தது 2022இல். என் போர்டில் இருந்ததோ அதற்கு முந்தைய பயாஸ். சாக்கெட் பொருந்துகிறது என்பதாலேயே பயாஸுக்கு அந்த ப்ராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே கழற்றுவதற்கு முன்பே விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு நிறுவனத்தின் தளத்தில், ப்ராசஸர் பட்டியலில் உங்கள் ப்ராசஸருக்கு நேரே எந்தப் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்டின் பெயரோடு அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

நான் இதைச் செய்யாததோடு, பழைய 2200ஜியைக் கேரளத்துப் புனலூரில் ஒரு பழைய பொருள் கடையில் மாற்றாகக் கொடுத்துவிட்டும் வந்திருந்தேன். பயாஸை ஏற்ற, போர்டுக்குத் தெரிந்த ஒரு ப்ராசஸர் வேண்டும். அது ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் அப்பால் இருந்தது. மறுநாள் பஸ் பிடித்துப் போனால், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பயாஸ் அப்டேட் செய்தோ அண்ணாச்சி?" ஒரு நாள் இரவலாகத் தந்தார். புதியது ஓடும்வரை பழையதைக் கையை விட்டு விடாதீர்கள். சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் பொத்தான் பின்புறம் இருக்கும். இனி அது இல்லாத போர்டை நான் வாங்கப் போவதில்லை.

ஏற்றும் முறை எளிது. பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய பயாஸ் கோப்பை விரித்து அதில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் கருவியாலேயே ஏற்றுங்கள்; விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. பாதியில் மின்சாரம் போனால் போர்டே போய்விடலாம். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் காற்று கொஞ்சம் வலுத்தாலே கரண்ட் போகும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதில் கணினி அணைந்து எழக்கூடும் என்பதால், யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி வைத்துத்தான் தொடங்கினேன்.

மறுபடி 5600ஐப் பொருத்தினேன். சிபியூ விளக்கு அணைந்தது. திரை அப்படியே இருட்டு. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. 2200ஜிக்குள் கிராஃபிக்ஸ் இருந்தது, 5600இல் இல்லை. புதிதாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டை மாட்டியிருந்தும், எச்டிஎம்ஐ கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே செருகியிருந்தேன். கேபிளைக் கார்டுக்கு மாற்றியதும் ஒரு கேள்வி காத்திருந்தது: புதிய ப்ராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள் ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி) அழித்துப் புதிதாக்கவா, Y-யா N-ஆ என்று. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டவர்கள் Y-யை அழுத்தும் முன், 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் N-ஐ அழுத்திவிட்டு, சாவியைத் தேடி எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தென்காசி வாசகர் ஒருவர், ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் உள்ள தம் கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் திரை வரவில்லை என்று எழுதினார். அந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும், ராம் டிடிஆர்5 வகை. முதல் முறை இயக்கும்போது ராமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும், அதுவரை டிராம் விளக்கு எரிந்தபடி இருக்கும். அவர் மூன்று முறை பொறுமையிழந்து இடையிலேயே அணைத்திருக்கிறார். நான்காம் முறை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது, பயாஸ் திரை வந்து நின்றதாம்.