ஊர்ப்பெயரில் உடைந்த காவடிப் படிவம்: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுப்பது எப்படி?

தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய எங்கள் கோவிலுக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தேன். ரோஸ் ஹில், கத்ர் போர்ன் என்று எந்த ஊரைப் போட்டாலும் ஓடியது. மொரீஷியஸின் தெற்கே லெஸ்காலியேயிலிருந்து ஓர் அக்கா பதிந்தார். திரை முழுக்கப் பிழைச் செய்தி. அந்த ஊரைப் பிரெஞ்சில் எழுதினால் முதல் எழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோள் குறி வரும். அதோடு ஊர்ப்பெயர் முடிந்ததென்று எடுத்துக்கொண்ட டேட்டாபேஸ், மிச்சத்தைக் கட்டளையாகப் படித்துத் தடுமாறியது.

தேடல் பக்கத்திலும் அதே ஓட்டை. அங்கே ஒருவன் வேண்டுமென்றே மேற்கோளை மூடி, கூடவே 'அல்லது 1=1' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் டேட்டாபேஸ் தடுமாறாது. பதிந்த எல்லோருடைய போன் நம்பரையும் கொட்டிவிடும். எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி; இப்படி மதிப்புக்குள் கட்டளையைத் திணிப்பதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்.

1. உங்கள் சொந்தத் தளத்தின் நகலில், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ' போட்டுப் பாருங்கள். பிழை வந்தால் சந்தேகப்படுங்கள். வராவிட்டாலும் ஓட்டை இருக்கலாம். சர்வர் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டில்) %27 (இணைய முகவரியில் ' இப்படி மாறும்), யூனியன் செலக்ட், ஸ்லீப் போன்ற தாக்குதல் தடயங்களைத் தேடுங்கள். முகவரியில் சேராமல் போஸ்ட் முறையில் வரும் படிவத் தகவல் வழக்கமாக அதில் பதிவாகாது.

2. கட்டளையோடு மதிப்பை ஒட்டாதீர்கள். பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓவின் பிரிப்பேரில் மதிப்பு வரும் இடத்தில் ? வையுங்கள், மதிப்பை எக்ஸிக்யூட்டில் தனியாகக் கொடுங்கள்.

3. நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். பழைய பழக்கத்தில் '?' என்று மேற்கோளுக்குள் போட்டிருந்தேன். அப்போது அது வெறும் கேள்விக்குறி எழுத்து. மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிடிஓ திட்டும். மேற்கோளே வேண்டாம். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக் தேடலிலும் '%?%' கூடாது, வெறும் ? வைத்து, % குறிகளை மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

4. படிவம் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கணக்குக்கு டேபிளை அழிக்கும் உரிமை எதற்கு? படிக்க, சேர்க்க மட்டும் கொடுங்கள். பிழைச் செய்தி லாகுக்குப் போகட்டும், திரைக்கு வேண்டாம்.

மேற்கோள் குறியை வெறும் எழுத்தாக மாற்றும் எஸ்கேப் ஃபங்‌ஷனே போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓரிடத்தில் மறந்தால் போச்சு. மேற்கோள் இல்லாமல் எண் வரும் இடத்தில் அது காப்பாற்றவே காப்பாற்றாது.

பின்சேர்க்கை: எந்தப் பத்தியை (டேபிளின் காலம், column) வைத்து வரிசைப்படுத்த வேண்டுமோ அதன் பெயரை ? மூலம் அனுப்பினால் வரிசை மாறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மாறாது; ? மதிப்புக்கு மட்டும்தான். அனுமதித்த பத்திப் பெயர்களைக் பிஎச்பி நிரலிலேயே பட்டியலிட்டு, அதிலிருந்து எடுங்கள்.

இன்னொருவர், பெட்டியில் மேற்கோள் குறியையே தடுத்துவிடலாமே என்றார். அப்புறம் லெஸ்காலியே அக்கா எங்கே பதிவார்?