மாணவர்களுடன் பட்டிப்பொல புகையிரத நிலையத்துக்கு: மலையக ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பாதையில், மத்திய மாகாணத்தின் கடைசிப் புகையிரத நிலையம் பட்டிப்பொல. கோட்டையிலிருந்து ஏறத்தாழ 224 கிலோமீற்றர் தொலைவில், 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், இலங்கையின் மிக உயரமான நிலையமாக அது இருக்கிறது. அதைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் பாதை தன் உச்சியைத் தொட்டு, ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபுறம் ஊவா மாகாணத்தில் வெளிப்படுகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துப் பாடசாலைகள் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவுக்குக் கொழும்பையும் கண்டியையுமே தேர்ந்தெடுக்கின்றன. வரலாறு, புவியியல், விஞ்ஞானம் ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே நாளில் கண்முன்னே காட்டக்கூடிய இந்தச் சிறிய நிலையம் நமக்கு அருகிலேயே இருந்தும் அங்கே செல்லும் பாடசாலைகள் குறைவு. இந்த நிலையத்தை அழகான காட்சிக்காக மட்டுமன்றி, பாடமாகவும் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் வகுப்பறையில்

நிலையத்தின் வரலாற்றைப் பயண நாளன்று மேடையில் நின்று சொல்லத் தொடங்கினால், குளிரிலும் காற்றிலும் பிள்ளைகளின் காதில் எதுவும் ஏறாது. ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் பாதை எட்டியது. முதலில் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் 1869இல் கோப்பி இலைகளில் தென்பட்ட நோய் சில ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தொழிக்க, பாதை மேல்மலைக்கு ஏறிய காலத்தில் சுமைப்பெட்டிகளில் தேயிலை இடம் பிடித்திருந்தது. இறங்கும் வண்டிகள் தேயிலையைச் சுமந்தன. ஏறும் வண்டிகள் தோட்டத் தொழிலாளருக்கான அரிசியைச் சுமந்தன. மாணவர்களின் பூட்டன் பூட்டிமார் உண்ட அரிசி இந்தத் தண்டவாளத்தில் வந்தது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றில் பங்கு உண்டு என்பதைப் பாடநூல் போதிய அளவு சொல்வதில்லை.

மத்திய, ஊவா மாகாணங்களுக்கு இடையிலான எல்லையின் கதையையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லையும் பாதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை. சேர் ஆர்தர் கோர்டன் தேசாதிபதியாக இருந்த 1886ஆம் ஆண்டில், மத்திய மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் பாதை நானுஓயாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. புதிய மாகாணத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் மலைமுகடு குறுக்கே நின்றது; மறுபுறத்துத் தோட்டங்கள் தங்கள் விளைச்சலை மாட்டு வண்டிகளில் மலையேற்றியும் இறக்கியும் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த முகட்டைக் குடைந்து பாதை மறுபுறம் இறங்கியபோதுதான் ஊவாவின் கதவு திறந்தது. 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் புகையிரதம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதுளைக்கு அதிக தூரமில்லை. ஆனாலும் பாதை பதுளையை அடைந்தது 1924இல்தான். அந்த முப்பது ஆண்டுத் தாமதத்துக்கு நில அமைப்பும் முதலாம் உலகப் போரும் எவ்வாறு காரணமாயின என்பதை உயர்வகுப்பு மாணவர்களுக்குத் தேடல் வேலையாகக் கொடுக்கலாம்.

ஏற்றத்தின் சாய்வை விளக்குவதற்கு ஒரு பலகையும் ஒரு புத்தகமும் போதும். நாவலப்பிட்டிக்கு மேல் பாதையின் கடுமையான ஏற்றங்கள் 44க்கு 1 என்ற அளவில் அமைந்துள்ளன. அதாவது, 44 அடி முன்னே சென்றால் 1 அடி உயர வேண்டும். 44 சென்ரிமீற்றர் நீளமான பலகையின் ஒரு முனைக்குக் கீழ் 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள புத்தகத்தை வைத்துக் காட்டினால், “இவ்வளவுதானா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பலகையில் ஒரு கோலிக் குண்டை வைத்து உருட்டிக் காட்டுங்கள். வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின் மீது இரும்புச் சக்கரம் பற்றி ஏற வேண்டும் என்பதால் இந்தச் சிறு சாய்வே பெருஞ்சுமையாகிவிடுகிறது. வளைவுகளும் மிக நெருக்கமானவை. சில இடங்களில் வளைவின் ஆரை 100 மீற்றர் அளவே. நீராவிக் காலத்தில் இந்த ஏற்றத்தைச் சமாளிக்கவே 1927இல் கராட் என்ற இருமடி இயந்திரம் தருவிக்கப்பட்டது. 1950களில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கிய பின்னரே நீராவியின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

எந்த வழியில் செல்வது

முழுப் பயணத்தையும் புகையிரதத்திலேயே செய்ய வேண்டும் என்று பலரும் விரும்புவார்கள். பாடசாலைக் குழுவுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே போன்ற பகல் வண்டிகள் நானுஓயாவுக்கு வரும்போதே நண்பகலாகிவிடும்; அவற்றில் பட்டிப்பொல வந்து இறங்கினால் நிலையத்தைப் பார்க்க வெளிச்சமும் நேரமும் போதாமல் போய்விடும். இரவு அஞ்சல் வண்டியோ பிள்ளைகளை விடிவதற்கு முன்பே அந்தக் குளிரில் இறக்கிவிடும்.

ஆகவே காலையில் பேருந்தில் நுவரெலியா, அம்பேவெல வழியாகப் பட்டிப்பொல சென்று, முற்பகலை நிலையத்திலும் சுற்றுப்புறத்திலும் செலவிட்டு, மதியத்துக்குப் பின் வரும் பதுளை வண்டியில் ஏறிச் சுரங்கத்தைக் கடந்து, அப்புத்தளையில் இறங்குவதே சிறந்த ஒழுங்கு. இதற்கிடையில் வெறும் பேருந்து வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குச் சென்று காத்திருக்கலாம். பிள்ளைகளுக்கு மிகச் சிறந்த பகுதியான எல்லைக் கடப்பும் இறக்கமும் புகையிரதத்தில் கிடைத்துவிடும். இரவு வீடு திரும்புவதும் எளிதாகும்.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியை முன்கூட்டியே பெறுவதுடன், நீங்கள் வரும் நாளையும் மாணவர் தொகையையும் குறிப்பிட்டு பட்டிப்பொல நிலைய அதிபருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தெந்த வண்டிகள் பட்டிப்பொலவில் நிற்கும், அவற்றின் நேரம் மாறியிருக்கிறதா என்பதை 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்தில் தமிழிலேயே கேட்டறியலாம். பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்பட வேண்டாம். மலைப் பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு வழமையானது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. எனவே நேரத்தை மட்டுமல்லாமல், நீங்கள் செல்லவிருக்கும் பகுதி முழுவதும் வண்டி ஓடுகிறதா என்பதையும் முதல் நாள் மாலை மீண்டும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலையத்தில்

பட்டிப்பொலவில் பெரிய நிலையங்களின் வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. பயணச்சீட்டுக் கருமபீடம், மேடை, வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்கான மாற்றுப் பாதை, சமிக்ஞைக் கைகாட்டிகள் என்பவையே அங்கு முக்கியமானவை. உணவையும் குடிநீரையும் கொண்டு செல்லுங்கள். கழிப்பறைத் தேவைகளை வழியில் நுவரெலியாவிலேயே முடித்துக்கொள்வது பெரிய குழுவுக்கு உகந்தது. கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் எந்த மாதத்திலும் தேவைப்படும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலையில் இந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு.

முதலில் பெயர்ப்பலகையின் முன் நின்று உயரத்தையும் தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து நிலைய அதிபரின் அனுமதியுடன் காட்ட வேண்டியது டெப்லட் முறை. மேல்மலையில் இருப்பது ஒற்றைப் பாதை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே ஒரே பகுதிக்குள் நுழைந்துவிட்டால் விபரீதம். அதைத் தடுப்பதற்காக, அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள டெப்லட் கருவிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. இரு கருவிகளிலுமாக ஒரு நேரத்தில் ஒரேயொரு வட்டத்தகடு மட்டுமே வெளியே வரும். வளையத்தில் கோத்த பையில் அந்தத் தகட்டை வாங்கிக்கொண்ட பின்னரே சாரதி வண்டியை நகர்த்த முடியும். மறுநிலையத்தில் அதைக் கொடுத்து, அங்குள்ள கருவிக்குள் இட்ட பின்னரே அடுத்த வண்டிக்குத் தகடு கிடைக்கும். கணினித் திரை எதுவுமின்றி மனித உயிர்களைக் காக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து வியக்காத பிள்ளையை நான் கண்டதில்லை. வண்டி வரும்போது வளையம் கைமாறும் காட்சியை, மேடை விளிம்பிலிருந்து நன்கு விலகி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நிலையத்தைச் சுற்றிலும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருக்கின்றன. இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய 2,357 மீற்றர் உயரத் தொட்டுப்பொல மலையும் இப்பகுதியில்தான் இருக்கிறது. 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வீதியும் இங்கிருந்து பிரிகிறது. அந்தச் சமவெளியிலுள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தருவது அந்தச் சமவெளி என்பதை மட்டும் வரைபடத்தில் காட்டிவிடலாம்.

எல்லையைக் கடக்கும்போது

சுரங்கம் அருகில்தானே இருக்கிறது என்று தண்டவாளத்தின் மீது பிள்ளைகளை நடத்திச் செல்வதற்கு எக்காரணத்தைக் கொண்டும் உடன்பட வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அத்துடன், வளைவுகளாலும் மூடுபனியாலும் வண்டி வருவது கடைசி நொடி வரை தெரியாது. எல்லையைக் கடப்பது வண்டிக்குள் இருந்தே நடக்க வேண்டும்.

இந்தக் குறுகிய தூரத்துக்கு ஆசனப் பதிவு தேவையில்லை. கருமபீடத்தில் அன்றைய தினமே மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எல்ல என்ற ஊருக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளால் வார இறுதியிலும் விடுமுறையிலும் பெட்டிகள் நிரம்பி வழியும் என்பதால் வார நாளைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு கதவருகிலும் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். கதவில் தொங்கிப் படமெடுப்பது இந்தப் பாதையில் உயிர்களைப் பறித்திருக்கிறது.

வண்டி நகரத் தொடங்கியதும், வானத்தையும் காற்றையும் மரங்களையும் பார்த்து இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் உச்சி மட்டத்தைக் குறிக்கும் பலகையும் அதையடுத்துச் சுரங்கமும் வரும். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் மீண்டும் இரண்டு வரி எழுத வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு முகட்டைத் தாண்டும் காற்று ஊவாவில் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. அதனால் பட்டிப்பொலவில் தூறலும், சுரங்கத்துக்கு அப்பால் அடுத்த நிலையமாகிய ஒஹியவில் வெயிலும் ஒரே பிற்பகலில் அமைவதுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகலாம். மழைமறைவுப் பிரதேசம் என்று பரீட்சைக்காக மனனம் செய்வதை, பிள்ளைகள் இங்கே தங்கள் தோலால் உணர்வார்கள். இதற்காகவே ஜூலை மாதத்தைப் பரிந்துரைப்பேன்.

ஒஹியவைத் தாண்டியதும் வலப்புற யன்னல்களுக்குப் பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்புங்கள். தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். இதல்கஸ்ஹின்னவில் மலைமுகடு குறுகி, இருபுறமும் பள்ளத்தாக்கு தெரியும்.

இந்த ஓட்டத்தில் இன்னொரு எல்லையைப் பற்றியும் சொல்லலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்களை, இதே தண்டவாளத்தில் இறங்கிய கோச்சிகள் பொல்காவலை வழியாகத் தலைமன்னாருக்குக் கொண்டு சென்றன; அங்கிருந்து அவர்கள் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அந்தக் கப்பல் சேவை 1984இல் நின்றுபோனது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் அப்படிப் போன உறவினரின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் எந்த நிலையத்தில் கோச்சி ஏறினார்கள் என்பதையும் எழுதி வருமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்தத் தகவல்கள் முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பின்னர் எங்கும் கிடைக்காது.

அப்புத்தளையில் வண்டி அதிக நேரம் நிற்காது. அதற்கு முன்னரே பைகளை எடுத்துக்கொண்டு இருவர் இருவராக நிற்கவைத்து, இறங்கியதும் மேடையிலேயே ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிவாயிலில் பயணச்சீட்டுகளை வாங்கிக்கொள்வார்கள்; ஆகவே சீட்டிலுள்ள இலக்கத்தையும் திகதியையும் கட்டணத்தையும் வண்டியில் இருக்கும்போதே குறிப்பேட்டில் படியெடுக்கச் சொல்லிவிடுங்கள்.